யதீம்களின் வண்டியும் ஒரு கேம் ஷாஃப்டும்



ஒருவர் மௌத்தான நொடியிலேயே அவருடைய பொருள்கள் அனைத்துக்கும் உரிமையாளர் மாறிவிடுகிறார். கஃபன் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியது வாரிசுகளுடையது. இதை மதரஸாவில் பாடமாக ஓதுகிறோம். ஜும்ஆ பயானில் கேட்கிறோம். ஆனால் வீடுகளில் நடப்பது வேறு. நிலத்துக்கும் நகைக்கும்தான் பாகம் என்று எண்ணிக்கொள்கிறோம். அத்தாவின் கைக்கடிகாரத்தை மூத்தவர் கட்டிக்கொள்கிறார். அத்தாவின் வண்டியைச் சிறிய தந்தை ஓட்டிச் செல்கிறார். அந்தக் கடிகாரத்திலும் வண்டியிலும் பருவமடையாத ஒரு பெண் குழந்தைக்குப் பங்கிருக்கிறது என்பது எவருடைய நினைவுக்கும் வருவதில்லை.

என் தங்கையின் கணவர் சிறுநீரக நோயால் ஒன்றரை ஆண்டு துன்பப்பட்டுச் சென்ற ஆண்டு ரஜப் மாதத்தில் வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. மருத்துவமனையில் இருந்தபோதே, இருவரைச் சாட்சியாக வைத்து, தம் பிள்ளைகளின் பொருளுக்கு என்னை வஸீயாக நியமித்திருந்தார். பெரிய சொத்து எதுவும் இல்லை. கடன்களை அடைத்த பிறகு சொல்லத்தக்கதாக எஞ்சியவற்றுள் ஒன்று, 2014 மாடல் ஸ்ப்ளெண்டர் மோட்டார் சைக்கிள்.

வாரிசுகள் நால்வர்: மனைவி, தாயார், 12 வயது மகன், 8 வயது மகள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாயாருக்கு ஆறில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. பின்னம் இல்லாமல் கணக்கிட்டால் அந்த வண்டி 72 பங்காகிறது. மனைவிக்கு 9, தாயாருக்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. அதாவது 72இல் 51 பங்கு இரண்டு யதீம்களுடையது. பின்னால் வரப்போகும் ஒவ்வொரு ரூபாயையும் வாசகர்கள் இந்தக் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டுகிறேன்.

வண்டியை வைத்திருக்கலாமே என்றுதான் என் மருமகன் ஆசைப்பட்டான். அத்தா ஓட்டிய வண்டி என்ற பாசம் அவனுக்கு. அவன் உரிமம் பெற இன்னும் ஆறு ஆண்டு வேண்டும். அதுவரை மழையிலும் புழுதியிலும் நிற்கும் வண்டி இரும்பு விலைக்குத்தான் போகும். என் தங்கை இத்தா முடித்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழும் பெற்று, படிவம் 31 கொடுத்து வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிய பின் விற்பது என்று முடிவாயிற்று. பெயர் மாற்றம் சர்க்காருக்காக. பங்கு அப்படியே 72தான் என்பதை வீட்டில் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன்.

விற்கலாம் என்று வெளியே எடுத்தபோதுதான் சத்தம் தெரிந்தது. எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து "டக டக" என்று ஓயாத தட்டல். வேகம் கூட்டினால் தட்டலும் கூடியது. மேட்டில் இழுவையும் குறைந்திருந்தது. மச்சான் நோயுற்றிருந்த காலத்தில் வண்டி பலர் கைகளில் இருந்தது. யார் யார் ஓட்டினார்கள், யார் ஆயில் பார்க்காமல் ஓட்டினார்கள் என்று ஆராய்ந்தால் அது புறத்தில் போய் முடியும். அந்தப் பேச்சை வீட்டில் எடுக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம்.

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் தரகர் ஒருவர் வந்து பார்த்தார். நம் சமுதாயத்தவர், ஐவேளைத் தொழுகையாளி. வண்டியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இப்படியே குடுத்தா 17,000க்கு மேல போகாது ஹஜ்ரத். டேப்பட்டை டைட் பண்ணி, கெட்டியா ஒரு ஆயிலை ஊத்துங்க. முன்னூறு ரூபாய் வேலை. சத்தம் அடங்கிடும். 26,000க்கு நானே ஆள் கொண்டாறேன். யதீம் பிள்ளைங்க காசு, விட்டுடாதீங்க" என்றார்.

நான் தயங்கியதைக் கண்டு இன்னொன்றும் சொன்னார்: "வாங்குறவன் நம்மாளு இல்லையே!"

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கடைசிச் சொல்தான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் டேப்பட் என்றால் என்ன, அதை டைட் பண்ணினால் என்ன ஆகும் என்பதை நான் அறிந்துகொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் இதில் ஹலால் எது, ஹராம் எது என்று பேச இயலாது.

வண்டியை எங்கள் ஊரில் முப்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டு சென்றேன். ஹிந்துச் சகோதரர், குறைவாகப் பேசுபவர். தரகர் சொன்னதை அப்படியே அவரிடம் சொல்லி, அது என்ன வேலை என்று கேட்டேன். அவர் எஞ்சின் தலையின் இரு சிறு மூடிகளைக் கழற்றிக் காட்டினார்.

எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து செல்ல ஒரு வால்வு. எரிந்த புகை வெளியேற ஒரு வால்வு. இவ்விரு கதவுகளையும் உரிய வேளையில் திறப்பது கேம் ஷாஃப்ட். விரல் நீளத்தில் ஓர் இரும்புத் தண்டு. அதன் மேல் முட்டை வடிவில் இரண்டு மேடுகள். தண்டு சுழலும்போது மேடு வந்து ராக்கர் ஆம் என்னும் சிறு நெம்புகோலைத் தூக்குகிறது. அதன் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. மேடு கடந்ததும் சுருள்வில் வால்வை மூடிவிடுகிறது. கீழே கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலே கேம் ஒரு சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 3,000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. ஸுப்ஹானல்லாஹ், நம் காலுக்கு ஒரு சாண் தொலைவில் இத்தனையும் நடக்கிறது. நாம் ஹாரன் அடிப்பதில் மும்முரமாக இருக்கிறோம்.

ராக்கருக்கும் வால்வின் தண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடவும் குறைந்த ஓர் இடைவெளி இருக்க வேண்டும். அதைத்தான் டேப்பட் கேப் என்கிறார்கள். இரும்பு சூடேறினால் நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பதற்காகவே இடைவெளி. அதை மெல்லிய தகடான பில்லர் கேஜை நுழைத்து அளக்கிறார்கள்.

"இந்த கேப்பை அடைச்சிட்டா சத்தம் நின்னுடும் பாய்," என்றார் அவர். "ஆனா எஞ்சின் சூடானதும் வால்வு முழுசா மூடாது. நெருப்பு அந்தச் சந்துல ஒழுகி வால்வையே தின்னுடும். லேசா சத்தம் போடுற டேப்பட் நல்லது. சத்தமே போடாததுதான் ஆபத்து."

கெட்டியான ஆயில் சங்கதியும் அப்படித்தான். சில நாள்களுக்குத் தட்டலை அமுக்கிக் காட்டும். ஆனால் ஆயில் பம்ப் இருப்பது கீழே. கேம் இருப்பது எஞ்சினின் தலையில், ஆயில் கடைசியாக எட்டும் இடத்தில். கெட்டியான ஆயில் அங்கே போய்ச் சேர இன்னும் தாமதமாகும். குறையை மறைக்கும் மருந்தே குறையை வளர்க்கிறது.

அப்படியானால், தரகர் சொன்ன முன்னூறு ரூபாய் வேலை குறையை மறைப்பதோடு நிற்பதில்லை. வாங்குபவருடைய பொருளை நம் கையாலேயே சேதப்படுத்தி அவரிடம் ஒப்படைப்பதாகும். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நம் பிள்ளைகள் மனனம் செய்திருக்கும் ஹதீஸ்தான். அந்த வியாபாரி, மழையில் நனைந்துவிட்டது என்றார். ஈரத்தை அவர் உண்டாக்கவில்லை. மேலே காய்ந்ததைப் போட்டு மூடியதுதான் அவர் செய்தது. அதற்கே அத்தனை கடுமை என்றால், இதற்கு?

"வாங்குறவன் நம்மாளு இல்லையே" என்ற சொல்லுக்கு வருகிறேன். இது அந்த ஒருவரின் சொல் அன்று. நம் கடைவீதிகளில் முணுமுணுப்பாகக் கேட்கும் சொல். மோசடி செய்தவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்பதே நபிகளார் உரைத்ததன் கருத்து. யாரை மோசடி செய்தவர் என்று அங்கே தரம் பிரிக்கப்படவில்லை. அந்தச் சொல்லால் உம்மத்திலிருந்து விலகி நிற்பவர் மோசடி செய்தவரே தவிர, ஏமாற்றப்பட்டவர் அல்லர். இதில் இமாம்களிடையே இரண்டு கருத்து இருப்பதாக எவரேனும் சொன்னால், கிதாபைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வேறொருவர், "உள்ளது உள்ளபடி விற்கிறேன், எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல என்று சொல்லி விற்றுவிடுங்கள், ஹனஃபி மத்ஹபில் கூடுமே" என்று யோசனை சொன்னார். கூடும்தான், வியாபாரம் நிறைவேறும். ஆனால் தெரிந்த குறையைத் தெரியாததுபோல் மூடிவைத்த பாவம் அந்த ஒரு வாக்கியத்தால் நீங்கிவிடாது. சட்டத்தின் விளிம்பில் நடக்கப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்குவதில்லை.

எனினும் என் நெஞ்சில் தைத்தது, தரகர் சொன்ன இன்னொரு சொல்: யதீம் பிள்ளைகளின் காசு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. என் சொந்த வண்டியாக இருந்தால் 17,000க்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். தாராளம் காட்டுவது என் உரிமை. ஆனால் பிறர் பொருளில், அதுவும் யதீம்களின் பொருளில், நான் தாராளம் காட்ட முடியாது. ஒரு ரூபாய் குறைத்து விற்றாலும் ஏன் குறைத்தாய் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. குறையைச் சொல்லி மலிவாக விற்றால் யதீம்களுக்கு நட்டம். சொல்லாமல் விற்றால் வாங்குபவருக்குத் துரோகம். இரண்டு அமானத்துகள் எதிரெதிரே நிற்பதாகத் தோன்றியது.

அன்றிரவு சூரத்துல் அன்ஆமின் 152ஆம் வசனத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்த வசனம். யதீம்களின் பொருளை மிகச் சிறந்த முறையிலன்றி நெருங்கக் கூடாது என்ற கட்டளையும், அளவையையும் நிறுவையையும் நீதியோடு நிறைவாக்க வேண்டும் என்ற கட்டளையும் அங்கே ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருகின்றன. சூரத்துல் இஸ்ராவிலும் 34ஆம் வசனத்தில் யதீம்களின் பொருள். அடுத்த 35ஆம் வசனத்தில் சரியான தராசு. நான் எதிரெதிராக நிறுத்தியவற்றை அல்லாஹ் அருகருகே வைத்திருக்கிறான். யதீமுக்காக விற்பவனும் தராசைச் சாய்க்கக் கூடாது. ஒருவேளை, யதீமுக்காக என்று சொல்லித்தான் மனிதன் எளிதில் சாய்ப்பான் என்பதால் இந்த அண்மையோ என்று எண்ணிக்கொண்டேன். இது தஃப்ஸீர் அன்று. என் மனத்தில் பட்டது.

மறுநாள் மெக்கானிக்கிடம் வேறு கேள்வி கேட்டேன். மறைக்காமல் உண்மையிலேயே சரிசெய்ய என்ன ஆகும்? கேம் மட்டும் மாற்றினால் ஆயில், கேஸ்கெட், கூலி உட்பட 1,800 ரூபாய் என்றார். பிறகு அவரே, "அப்படிச் செய்யாதீங்க" என்றார். கேமின் மேடு தேய்ந்திருந்தால் அதோடு உராயும் ராக்கரின் முகமும் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். புதுக் கேமைப் போட்டுப் பழைய ராக்கரை அப்படியே விட்டால், அந்தப் பள்ளம் புதிய மேட்டைச் சில மாதங்களில் அரித்துவிடும். வண்டி விற்பனையாகும் வரை சத்தம் வராது என்பதும் உண்மை. இரண்டு ராக்கர், டைமிங் செயின் எல்லாம் சேர்த்தால் 3,400.

இங்கே ஒரு மஸ்அலா. யதீம்களின் பொருளுக்காக இப்படிச் செலவு செய்ய வஸீக்கு உரிமை உண்டா? அவர்களுக்கு நன்மை இருக்குமானால் உண்டு. 17,000க்குப் போகும் வண்டி 3,400 செலவில் 24,000 தாண்டுமென்றால் நன்மை தெளிவு. என் தங்கையிடமும் அவளுடைய மாமியாரிடமும் அவர்களின் பங்குக்காகச் சம்மதம் கேட்டுப் பெற்றேன். பணத்தை என் கையிலிருந்து கடனாகப் போட்டு, விற்ற பின் எடுத்துக்கொள்வதாகக் குறித்துவைத்தேன். வண்டியில் அதிகப் பங்குள்ளவன் என் மருமகன் என்பதால் அவனையும் கடைக்கு அழைத்துச் சென்றேன். எந்தப் பொருளின் பேரில் எவ்வளவு செலவாகிறது என்பதை உரியவன் கண்ணால் பார்க்கட்டும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் மெக்கானிக் கை வைத்தார். பக்கவாட்டுக் கவரில் இருந்த மூடிகளைத் திறந்து, மேக்னட்டை மெல்லச் சுழற்றி, அதில் பொறித்துள்ள 'டி' என்னும் குறியை அடையாளக் கோட்டுக்கு நேராக நிறுத்தினார். பிஸ்டன் உச்சியில் நிற்கிறது என்பதற்கு அது சான்று. மேலே கேமின் பற்சக்கரத்தில் சிறு வட்டக் குறி. அதுவும் தன் அடையாளத்துக்கு நேராக வர வேண்டும். பிறகு பற்சக்கரத்தைக் கழற்றினார். செயின் உள்ளே விழுந்துவிடாமல் கம்பியால் கட்டிவைத்தார். ஹெட்டின் நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல், குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார்.

பழைய கேமை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு மேடு வழவழப்பாக இருந்தது. இன்னொன்றின் உச்சி மழுங்கி, அம்மைத் தழும்புபோலக் குழிகள். நகத்தால் வருடினால் தடுக்கியது. இந்த மேடுகளின் மேற்பரப்பை மட்டும் தனியாகக் கடினப்படுத்தியிருப்பார்களாம். அந்தத் தோல் ஒருமுறை கிழிந்துவிட்டால் உள்ளிருக்கும் மென்மையான இரும்பு விரைவாகக் கரைந்துவிடும். ராக்கரின் முகத்தில், அவர் சொன்னதுபோலவே, ஒரு பள்ளம்.

இந்த மேட்டைப் பற்றி நம் பேச்சாளர்கள் சிலர் மேடையில் சொல்வதுண்டு: கேம் ஷாஃப்டைக் கண்டுபிடித்தவர் அல்ஜஸரீ என்னும் முஸ்லிம் என்று. கொஞ்சம் நிதானம் வேண்டும். முளைகள் பதித்த அச்சு சுழன்று உலக்கையைத் தூக்கும் அமைப்பு அவருக்கு முன்பே சீனத்திலும் பிற நாடுகளிலும் இருந்தது. தியார்பக்கிரில் அர்துக் மன்னர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரீ, 1206இல் நிறைவுசெய்த நூலில், சுழலும் அச்சின் முளைகள் நெம்புகோல்களைத் தட்டி மேளமடிக்கும் பொம்மைகளை இயக்கும் நீர்க்கடிகாரத்தை விவரித்துள்ளார். அவரிடம் நான் வியப்பது, ஒவ்வொரு கருவியையும் இன்னொருவர் செய்துகொள்ளும்படி உறுப்புகளையும் அளவுகளையும் விளக்கி எழுதிவைத்ததை. மூடிக்கு அடியில் இருப்பதை ஒளிக்காத கைவினைஞர். பெருமை பேச விரும்புவோர் அதைப் பேசலாம்.

புதிய கேமின் மேடுகளில் ஆயிலைத் தாராளமாகத் தடவிப் பொருத்தினார் மெக்கானிக். மேடுகள் ராக்கரைத் தொடாத பக்கம் திரும்பியிருக்கும்படி வைத்து, குறிகளை மீண்டும் பொருத்தி, பற்சக்கரத்தைப் பூட்டி, செயினை இறுக்கினார். பிறகு, கிக்கரை உதைக்காமல், என் மருமகனைக் கூப்பிட்டார். "தம்பி, இதை ரெண்டு சுத்து சுத்து. கையாலதான், மெதுவா. எங்கயாவது முட்டுனா நிறுத்திடு." கிராங்க் இரண்டு சுற்று என்றால் கேம் ஒரு முழுச் சுற்று, எல்லாம் ஒருமுறை வந்து போய்விடும். வேளை பெரிதும் தவறியிருந்தால் சில எஞ்சின்களில் வால்வு பிஸ்டனோடு மோதி வளைந்துவிடும். கையால் சுற்றினால் அந்த முட்டல் கைக்கே தெரியும்.

பையன் சுற்றினான். எங்கும் முட்டவில்லை. மெக்கானிக் குனிந்து குறிகளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். 'டி' நேராக இருந்தது. மேலே வட்டக் குறி மயிரிழை விலகியதுபோல் இருந்தது. எனக்கு வேறுபாடே தெரியவில்லை. "செயினை இறுக்கும்போது ஒரு பல்லு தள்ளிடுச்சு" என்றார். ஒரு பல் தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஸ்டார்ட் ஆகும், ஓடும், இழுவை கொஞ்சம் குறையும், பெட்ரோல் கொஞ்சம் கூடும், வாங்குபவர் வண்டியே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார் என்றார். சொல்லிக்கொண்டே போல்ட்டுகளை மறுபடியும் கழற்றத் தொடங்கியிருந்தார். அன்று மக்ரிப் வரை ஆயிற்று. அதற்குத் தனியாகக் கூலி கேட்கவில்லை. நான் கொடுத்தபோதும் வாங்கவில்லை.

இஹ்ஸான் என்ற பாடத்தை நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். அல்லாஹ்வை நாம் காண்பதுபோல் வணங்குவது. நாம் காணாவிட்டாலும் அவன் நம்மைக் காண்கிறான் என்றறிவது. இவ்வாண்டு அப்பாடத்தில், மூடி போட்டபின் எவரும் பார்க்க இயலாத ஒரு பல்லைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொன்னேன். தொழுகையை உதாரணம் காட்டியபோது தலையாட்டியவர்கள், இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

டேப்பட் இடைவெளியை பில்லர் கேஜ் வைத்து அளந்து பூட்டினார். புதிய ஆயில் ஊற்றி, சாவியைப் போடாமல் பலமுறை கிக்கரை மிதித்து ஆயில் மேலேறச் செய்தார். பிறகு ஸ்டார்ட் செய்தார். தட்டல் போயிருந்தது, காதை வைத்துக் கேட்டால் மட்டும் தையல் இயந்திரம்போல் மெல்லிய ஒலி. "இது இருக்கணும்" என்றார்.

இனி வியாபாரம். தரகர் வேண்டாம் என்று நாங்களே விற்றோம். கேட்ட விலை 26,500. வண்டிச் சந்தையில் "எஞ்சின் பிரிக்காதது" என்பது ஒரு சிறப்பு. பிரித்து வேலை பார்த்த வண்டி என்றால் விலை இறங்கும், அந்த வேலை நல்ல வேலையாகவே இருந்தாலும். வணிகர்களின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அது குறை என்பது ஹிதாயா போன்ற ஹனஃபி நூல்களின் அளவுகோல். ஆகவே சரிசெய்த பிறகும் சொல்ல வேண்டிய ஒன்று மிச்சம் இருந்தது. முதலில் வந்தவரிடம் சொன்னோம், "ஹெட் பிரிச்ச வண்டியா?" என்று கேட்டுவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அருகிலிருந்த உறவினர் ஒருவருக்குக் கோபம். அவருக்கு வாஸிலா இப்னு அல்அஸ்கஃ (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைச் சொன்னேன். ஒருவர் ஒட்டகத்தை வாங்கிச் செல்கிறார். வாஸிலா (ரலி) பின்னாலேயே ஓடி, சவாரிக்கா இறைச்சிக்கா என்று கேட்டு, சவாரிக்கென்றால் அதன் பாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். விற்றவர் விலையில் 100 திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்று அவரும் கோபித்தார் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் குறிப்பிடுகிறார்கள். உறவினர் சிரித்துவிட்டார். கோபம் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

இரண்டாவதாக வந்தவர் வீடு வீடாகப் பால் ஊற்றும் இளைஞர். தரகர் சொன்ன கணக்கில் "நம்மாளு" அல்லர். மெக்கானிக்கின் கணக்குச் சீட்டைக் காட்டினோம். எந்தக் கடை என்று கேட்டு, அங்கேயே போய் விசாரித்துவிட்டு வந்தார். 25,000க்கு முடிந்தது. படிவம் 29, 30 ஆகியவற்றில் தங்கை கையெழுத்திட்டாள்.

நேர்மையாக நடந்ததால் அதிக விலை கிடைத்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 25,000இல் செலவு 3,400 போக 21,600. தரகரின் வழியில் சென்றிருந்தால் 26,000இல் 300 போக 25,700. 4,100 ரூபாய் குறைவு. அதில் யதீம்களின் பங்கு மட்டும் சுமார் 2,900. மாலை வேளையில் தையல் வேலை எடுத்துச் செய்யும் என் தங்கைக்கு அது பல நாள் உழைப்பு. அவளிடம் இதை மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, "அந்தப் பால்காரத் தம்பி விடியக்காலம் நாலு மணிக்கு இருட்டுல போற ஆளு அண்ணே. நடுவழியில நின்னா நல்லாவா இருக்கும்?" என்றாள். நான் இரவெல்லாம் கிதாபைப் புரட்டி வந்து சேர்ந்த இடத்துக்கு அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

21,600ஐ 72ஆல் வகுத்தால் பங்குக்கு 300. தங்கைக்கு 2,700, அவளுடைய மாமியாருக்கு 3,600, மகனுக்கு 10,200, மகளுக்கு 5,100. பிள்ளைகளின் தொகையைத் தனித்தனியாக எழுதி, தங்கையையும் மாமியாரையும் சாட்சிக் கையெழுத்திடச் செய்து, கணக்கேட்டை மூடினேன்.

மூடிய பிறகு பையன் ஒரு பாலித்தீன் பையைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே பழைய கேம் ஷாஃப்ட். மெக்கானிக் கொடுத்ததாம். "இதை நான் வச்சுக்கட்டுமா மாமா?"

அதுவும் அவனுடைய அத்தா விட்டுச் சென்ற பொருள்தான். "இதுக்கும் 72 பங்கா அண்ணே?" என்று தங்கை சிரித்தாள். ஆம், இதற்கும்தான். பழைய இரும்புக் கடையில் கேட்டால் அதற்குப் பத்து ரூபாய் தேறும். தங்கையும் மாமியாரும் தங்கள் பங்கை அவனுக்கு விட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் பெரியவர்கள், கொடுக்கலாம். எட்டு வயதுப் பிள்ளையின் பங்கை அவளும் விட்டுக்கொடுக்க முடியாது, அவளுக்காக நானும் விட்டுக்கொடுக்க முடியாது. பத்து ரூபாயில் 72க்கு 17 பங்கு: இரண்டு ரூபாய் முப்பத்தாறு காசு. பையன் தன் உண்டியலிலிருந்து ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தான். அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிச்சம் தரமாட்டேன்" என்றாள்.